போக்கரில் எந்தக் கை பெரிய கை? எண்ணிப் பார்த்தே புரிந்துகொள்ள ஒரு முழு வழிகாட்டி

சேலத்துக் குடும்பங்கள் லீவுக்கு ஒன்றாகச் சேர்ந்து ஏற்காடு போனால், சாயங்காலம் பனி இறங்கி ஏரிப்பக்கம்கூட நடக்க முடியாமல் ஆகும் நேரத்தில், யாராவது ஒருவர் பையிலிருந்து சீட்டுக்கட்டு வெளியே வந்துவிடும். ரம்மி அநேகமாக எல்லோருக்கும் தெரியும். பெரியவர்களுக்கு இருபத்தெட்டு தெரியும், மூணு சீட்டும் தெரியும். இப்போது அந்த வட்டத்தில் கோவையிலோ பெங்களூரிலோ படிக்கும் ஒரு தம்பியோ தங்கையோ "போக்கர் போடலாமா?" என்று கேட்பது சகஜமாகிவிட்டது. சரி என்று உட்கார்ந்தால், கொஞ்ச நேரத்தில் ஒரு வாக்குவாதமும் வந்துவிடும்.

"எனக்கு வரிசையா அஞ்சு சீட்டு. உனக்கு வெறும் கலர்தானே? நான்தான் ஜெயிச்சேன்" என்பார் சித்தப்பா.

"இல்லைங்க சித்தப்பா, போக்கர்ல கலர்தான் பெருசு."

கலர் என்றால் எல்லாச் சீட்டும் ஒரே பூ, வரிசை என்றால் எண்கள் தொடர்ச்சியாக வருவது. சித்தப்பா சொல்வது மூணு சீட்டுக்குச் சரி, போக்கருக்குத் தப்பு. ஏன் தப்பு என்று கேட்டால் பெரும்பாலும் யாருக்கும் சொல்லத் தெரிவதில்லை. கைபேசியில் ஒரு பட்டியலைத் தேடிக் காட்டுவார்கள். பேச்சு அதோடு நின்றுவிடும். பட்டியலை மனப்பாடம் செய்யலாம்தான், ஆனால் அடுத்த லீவுக்குள் பாதி மறந்துபோகும். அந்தப் பட்டியல் எப்படி வந்தது என்று ஒருமுறை உட்கார்ந்து எண்ணிப் பார்த்தவருக்கு மறக்காது. மறந்தாலும் பேனாவும் பேப்பரும் இருந்தால் திரும்பக் கண்டுபிடித்துவிடலாம். அதற்காகத்தான் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

போக்கரின் பட்டியலுக்குப் பின்னால் இருப்பது ஒரே விதி: எந்தக் கை, அதாவது ஒருவரிடம் சேரும் எந்த ஐந்து சீட்டு, அரிதாக வருமோ அது பெரிய கை. சேலம் கடைவீதியில் சீசன் தொடக்கத்து மாம்பழத்துக்கு விலை ஏன் ஏறி நிற்கிறது? வரத்து குறைவு. அதே கணக்குதான் இங்கேயும்.

முதல் படி: கட்டைச் சரிசெய்யுங்கள்

ரம்மிக் கட்டிலிருந்து ஜோக்கர்களை எடுத்துவிடுங்கள். மீதி 52 சீட்டு: இஸ்பேட், ஆர்ட்டின், டைமன், கிளாவர் என்று நான்கு பூ, ஒவ்வொன்றிலும் 13 சீட்டு. ரம்மியில் இரண்டு கட்டைச் சேர்த்து ஆடும் பழக்கம் உண்டு. போக்கருக்கு ஒரே கட்டு. இதில் கவனமாக இருங்கள். இரண்டாவது கட்டின் ஒரு சீட்டு உள்ளே கலந்துவிட்டால்கூடக் கீழே வரும் கணக்கு எல்லாம் கெட்டுப்போகும்.

மதிப்பு ஏஸில் தொடங்கி ராஜா, ராணி, ஜாக்கி, 10, 9 என்று 2 வரை இறங்கும். இருபத்தெட்டு ஆடிப் பழகியவர்களுக்கு இங்கே ஒரு தடுமாற்றம் வரும். அதில் ஜாக்கிதான் முதல், அடுத்தது 9. போக்கரில் ஜாக்கி நான்காவது இடத்துக்குப் போய்விடுகிறது, 9க்குத் தனி மரியாதை எதுவும் கிடையாது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போக்கரில் நான்கு பூக்களுக்கும் சம மதிப்பு. இஸ்பேட் ஏஸும் கிளாவர் ஏஸும் ஒன்றுதான். "என்னுது இஸ்பேட், அதனால நான் பெரியவன்" என்ற பேச்சுக்கு இங்கே இடம் இல்லை.

இரண்டாம் படி: 'கை' என்றால் ஐந்து சீட்டு

இன்று பெரும்பாலும் ஆடப்படுவது டெக்ஸாஸ் ஹோல்டம் என்ற போக்கர் வகை. ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துப் போடுவார்கள். நடுவில் முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு இன்னொன்று என்று ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாகத் திறந்திருக்கும். உங்களுடைய இரண்டையும் நடுவிலிருக்கும் ஐந்தையும் சேர்த்தால் ஏழு. அந்த ஏழில் உங்களால் அமைக்க முடிகிற மிகச் சிறந்த ஐந்துதான் உங்கள் கை. இரண்டையும் பயன்படுத்தலாம், ஒன்றை மட்டும் பயன்படுத்தலாம், எதையுமே பயன்படுத்தாமல் நடுச்சீட்டு ஐந்தையே உங்கள் கையாக வைத்துக்கொள்ளவும் செய்யலாம்.

மீதி இரண்டு சீட்டு என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அவை இல்லாத மாதிரியே வைத்துக்கொள்ள வேண்டும். மேசையில் வரும் தகராறுகளில் பெரும்பகுதி இந்த ஆறாவது, ஏழாவது சீட்டைக் கணக்கில் எடுப்பதால்தான் வருகிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாம் படி: எண்ணிப் பார்ப்போம்

52 சீட்டிலிருந்து ஐந்தை எத்தனை விதமாக எடுக்கலாம்? முதல் சீட்டுக்கு 52 வழி, அடுத்ததற்கு 51, பிறகு 50, 49, 48. எல்லாவற்றையும் பெருக்கினால் 31,18,75,200. ஆனால் அதே ஐந்து சீட்டு எந்த வரிசையில் வந்தாலும் கை ஒன்றுதான். ஐந்து சீட்டை 120 விதமாக அடுக்கலாம் என்பதால் 120ஆல் வகுக்க வேண்டும். கிடைப்பது 25,98,960. போக்கரில் வரக்கூடிய மொத்தக் கைகள் இவ்வளவுதான்.

இப்போது ஒரு கையை எடுத்துக்கொள்வோம். நாலும் ஒரே எண், உதாரணமாக நான்கு 8. எண் எது என்பதற்கு 13 வழி. நான்கையும் எடுத்தாயிற்று என்பதால் அதில் வேறு தேர்வு இல்லை. ஐந்தாவது சீட்டாக மிச்சமுள்ள 48இல் எதுவும் இருக்கலாம். 13 × 48 = 624. இருபத்தாறு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான கைகளில் 624 மட்டும்.

அடுத்தது ஃபுல் ஹவுஸ்: மூன்று ஒரே எண், கூட ஒரு ஜோடி. மூன்றுக்கான எண்ணுக்கு 13 வழி. அந்த எண்ணின் நான்கு சீட்டில் மூன்றை எடுக்க 4 வழி. ஜோடிக்கான எண் மீதி 12இல் ஒன்று. அதன் நான்கில் இரண்டை எடுக்க 6 வழி. 13 × 4 × 12 × 6 = 3,744. நாலும் ஒரே எண் வருவதைவிட இது 6 மடங்கு சுலபம். அதனால் அதற்குக் கீழே.

பத்தாம் வகுப்பு தாண்டிய பிள்ளைகளிடம் இதைக் கொடுத்துப் பாருங்கள், ரொம்ப ஆர்வமாகச் செய்வார்கள். சேர்மானக் கணக்கு என்று புத்தகத்தில் வருவது எதற்கு என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியாது.

எல்லாவற்றையும் இதே முறையில் எண்ணினால், பெரியதிலிருந்து சிறியதுக்கு வரிசை இப்படி வரும்:

1. ராயல் ஃப்ளஷ்: ஒரே பூவில் 10, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ். மொத்தம் 4.
2. ஸ்ட்ரெயிட் ஃப்ளஷ்: ஒரே பூவில் தொடர்ச்சியாக ஐந்து. ராயலைத் தவிர்த்து 36.
3. ஃபோர் ஆஃப் எ கைண்ட்: நாலும் ஒரே எண். 624.
4. ஃபுல் ஹவுஸ்: மூன்றும் ஒரு ஜோடியும். 3,744.
5. ஃப்ளஷ்: ஐந்தும் ஒரே பூ, அதாவது நம்ம கலர். 5,108.
6. ஸ்ட்ரெயிட்: தொடர்ச்சியாக ஐந்து, பூ கலந்து. 10,200.
7. த்ரீ ஆஃப் எ கைண்ட்: மூன்று ஒரே எண். 54,912.
8. டூ பேர்: இரண்டு ஜோடி. 1,23,552.
9. ஒன் பேர்: ஒரு ஜோடி. 10,98,240.
10. ஹை கார்டு: எதுவும் சேராத கை. 13,02,540.

ராயல் ஃப்ளஷ் தனி வகைபோலப் பேசப்பட்டாலும், அது ஸ்ட்ரெயிட் ஃப்ளஷ்ஷில் மிக உயர்ந்தது, அவ்வளவுதான். ஐந்து சீட்டு மட்டும் போட்டால் 6,49,740 கைக்கு ஒருமுறை வரும் என்பது கணக்கு. வாழ்நாளெல்லாம் ஆடியும் அதைப் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள்.

எண்ணிக்கையை ஒரு தடவை மேலிருந்து கீழே பாருங்கள். ஹை கார்டும் ஒரு ஜோடியும் சேர்ந்தே நூற்றில் 92ஐ எடுத்துக்கொள்கின்றன. இரண்டு ஜோடி நூற்றில் ஐந்துக்குச் சற்றுக் குறைவு, மூன்று ஒரே எண் இரண்டுக்குச் சற்று மேல். ஸ்ட்ரெயிட் முதல் ராயல் ஃப்ளஷ் வரை அத்தனையும் சேர்த்தால்கூட நூற்றுக்கு ஒன்று தேறாது. ஆகவே ஐந்து சீட்டு ஆட்டத்தில் ஒரு ஏஸ் ஜோடி கையில் இருந்தாலே அது நல்ல கைதான்.

நான்காம் படி: கலரா, வரிசையா?

சித்தப்பாவின் வாக்குவாதத்துக்கு வருவோம். எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

மூணு சீட்டில் மொத்தக் கைகள் 22,100 மட்டும். அதில் வரிசை எத்தனை? ஏஸ்-2-3 முதல் ராணி-ராஜா-ஏஸ் வரை 12 வரிசை. ஒவ்வொரு சீட்டும் நான்கு பூவில் எதுவாகவும் இருக்கலாம் என்பதால் 4 × 4 × 4 = 64. 12 × 64 = 768. இதில் ஒரே பூவாக அமையும் 48ஐக் கழித்தால் 720. கலர் எத்தனை? ஒரு பூவின் 13 சீட்டில் மூன்றை எடுக்க 286 வழி, நான்கு பூவுக்கு 1,144. அதே 48ஐக் கழித்தால் 1,096. வரிசை 720, கலர் 1,096. வரிசைதான் அரிது, எனவே வரிசைதான் பெரியது. சித்தப்பாவின் பழக்கம் கணக்குப்படி முற்றிலும் நியாயமானது.

இதையே ஐந்து சீட்டுக்குச் செய்யுங்கள். ஏஸ்-2-3-4-5 முதல் 10-ஜாக்கி-ராணி-ராஜா-ஏஸ் வரை 10 வரிசை. ஐந்து சீட்டுக்கும் நான்கு நான்கு வழி என்றால் 1,024. பெருக்கினால் 10,240, ஒரே பூவான 40 போக 10,200. கலருக்கு, 13இல் ஐந்தை எடுக்க 1,287 வழி, நான்கு பூவுக்கு 5,148, அதே 40 போக 5,108. இப்போது கலர் பாதிதான் வருகிறது. இரண்டும் இடம் மாறிவிட்டன.

என்ன நடந்தது? கலரில் ஒவ்வொரு சீட்டு கூடும்போதும் அதே பூவாக இருந்தாக வேண்டும், அதற்கு வாய்ப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுதான். வரிசைக்கோ எண் மட்டும் பொருந்தினால் போதும், பூ எதுவானாலும் பரவாயில்லை. சேர வேண்டிய எண் ஒவ்வொன்றுக்கும் நான்கு சீட்டு காத்திருக்கிறது. மூன்றிலிருந்து ஐந்துக்குப் போகும்போது கலர் வருவது சுமார் 25 மடங்கு அரிதாகிறது, வரிசை வருவது சுமார் 8 மடங்குதான் அரிதாகிறது. அதனால் கலர் முந்திவிடுகிறது.

மூணு சீட்டில் இன்னொரு சுவையான விஷயமும் இருக்கிறது. அங்கே மூன்றும் ஒரே எண்ணாக அமையும் கைதான் உச்சம். எண்ணிப் பார்த்தால் அது 52, ஒரே பூவில் வரும் வரிசையோ 48. அரிதானது மேலே என்ற விதியை மூணு சீட்டின் வழக்கம் இந்த ஒரு இடத்தில் பின்பற்றவில்லை. போக்கரில் அப்படி எந்த மீறலும் இல்லை. ராயலையும் சேர்த்து ஸ்ட்ரெயிட் ஃப்ளஷ் 40, நாலு ஒரே எண் 624, தரவரிசையும் அதன்படியே.

சீட்டுகளின் எண்ணிக்கையை மாற்றினால் தரவரிசையும் மாறும் என்பதற்கு இன்னொரு சான்று ஷார்ட் டெக் என்ற ஆட்டம். அதில் 2 முதல் 5 வரை நீக்கிவிட்டு 36 சீட்டோடு ஆடுகிறார்கள். ஒரு பூவுக்கு 9 சீட்டுதான் இருப்பதால் கலர் வெறும் 480ஆகச் சுருங்குகிறது, ஃபுல் ஹவுஸ் 1,728. எனவே அங்கே கலர் ஃபுல் ஹவுஸை வெல்லும்.

ஐந்தாம் படி: இருவருக்கும் ஒரே வகைக் கை வந்தால்

விதி எளிது. கையின் முக்கியப் பகுதியை முதலில் ஒப்பிடுங்கள், அது சமமானால் மீதிச் சீட்டுகளைப் பெரியதிலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். முதல் வித்தியாசம் தென்படும் இடத்திலேயே முடிவு. இப்படி முடிவைத் தீர்மானிக்கும் உபரிச் சீட்டைக் கிக்கர் என்பார்கள்.

மாமாவிடம் ராணி-ராணி-ஏஸ்-8-3. அத்தையிடம் ராணி-ராணி-ராஜா-ஜாக்கி-10. ஜோடி சமம். அடுத்த சீட்டு மாமாவுக்கு ஏஸ், அத்தைக்கு ராஜா. மாமா ஜெயித்தார். அத்தையின் ஜாக்கியும் 10ம் மாமாவின் 8ஐயும் 3ஐயும்விடப் பெரியவைதான், ஆனால் அங்கே போகும் முன்பே முடிவு வந்துவிட்டது. எண்களைக் கூட்டிப் பார்க்கும் ரம்மிப் பழக்கத்தை இங்கே கொண்டுவரக் கூடாது.

இரண்டு ஜோடியிலும் அப்படித்தான். 10-10-2-2-3 வைத்திருப்பவர் 9-9-8-8-ஏஸ் வைத்திருப்பவரை வெல்வார். பெரிய ஜோடி முதலில், அது சமமானால் சின்ன ஜோடி, அதுவும் சமமானால்தான் ஐந்தாவது சீட்டு. ஃபுல் ஹவுஸில் மூன்றாக இருக்கும் எண்தான் பேசும்: 7-7-7-2-2 முன்னால் 6-6-6-ஏஸ்-ஏஸ் நிற்காது. கலரில் உச்சிச் சீட்டிலிருந்து இறங்க வேண்டும்; ஏஸ்-8-6-4-2 கலர், ராஜா-ராணி-ஜாக்கி-10-8 கலரைவிடப் பெரியது.

ஸ்ட்ரெயிட்டில் மேல்முனைச் சீட்டை மட்டும் பாருங்கள். ஏஸுக்கு இங்கே இரட்டை வேடம் உண்டு. 10-ஜாக்கி-ராணி-ராஜா-ஏஸ் மிகப் பெரிய ஸ்ட்ரெயிட். ஏஸ்-2-3-4-5 மிகச் சிறிய ஸ்ட்ரெயிட், ஏனென்றால் அதில் ஏஸ் ஒன்று என்ற மதிப்புக்கு இறங்கி, 5 மேல்முனையாகிவிடுகிறது. மூணு சீட்டில் பல இடங்களில் ஏஸ்-2-3ஐ இரண்டாவது பெரிய வரிசையாக வைத்து ஆடுவார்கள். அந்த நினைப்போடு போக்கருக்கு வந்தால் 2-3-4-5-6 வைத்திருப்பவரிடம் தோற்க வேண்டியிருக்கும். ராணி-ராஜா-ஏஸ்-2-3 என்று சுற்றி வருவது ஸ்ட்ரெயிட்டே இல்லை.

ஐந்து சீட்டும் சமமானால் சமம்தான். பூவை வைத்து முடிவு செய்யாமல், நடுவில் குவிந்த பந்தயத்தைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

ஆறாம் படி: ஏழு சீட்டில் ஐந்தைக் கண்டுபிடிப்பது

ஹோல்டமில் கை படிப்பது பழக்கத்தால் வரும். ஆனால் நடுச்சீட்டு ஐந்தையும் பார்த்தவுடன் மூன்று கேள்வி கேட்டுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

நடுவில் ஒரே பூவில் மூன்று சீட்டாவது இருக்கிறதா? இல்லையென்றால் யாருக்கும் கலர் வர வழியே இல்லை, ஏனெனில் கையில் இரண்டுதான் இருக்கிறது. நடுவில் ஒரு ஜோடியாவது இருக்கிறதா? இல்லையென்றால் ஃபுல் ஹவுஸும் நாலு ஒரே எண்ணும் யாரிடமும் இருக்க முடியாது. ஒன்றுக்கொன்று நெருங்கி, ஐந்து எண்ணுக்குள் அடங்கும் மூன்று சீட்டு இருக்கிறதா? இல்லையென்றால் ஸ்ட்ரெயிட் கிடையாது. கூடவே ஒன்று: எந்த ஸ்ட்ரெயிட்டை எடுத்தாலும் அதில் ஒரு 5 அல்லது ஒரு 10 இருந்தே தீரும். நடுவில் அவை இரண்டுமே இல்லாவிட்டால், ஸ்ட்ரெயிட் அமைய எதிராளி அதைத் தன் கையில் வைத்திருக்க வேண்டும். பத்து வரிசையையும் எழுதிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இனி அடிக்கடி சண்டை வரும் மூன்று இடங்கள். கீழே வருபவற்றில் பூக்கள் கலந்திருக்கின்றன, யாருக்கும் கலர் இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

நடுவில் ராஜா-ராஜா-8-8-3. உங்கள் கையில் 5-5. "எனக்கு மூணு ஜோடி" என்று சந்தோஷப்பட்டால் தவறு. மூன்று ஜோடி என்ற கையே போக்கரில் இல்லை, ஐந்து சீட்டுக்கு இரண்டு ஜோடிதான் கொள்ளும். உங்கள் கை ராஜா-ராஜா-8-8-5. எதிரில் ஏஸ்-2 வைத்திருப்பவரின் கை ராஜா-ராஜா-8-8-ஏஸ். கையில் ஜோடியே இல்லாத அவர் ஜெயித்துவிடுகிறார். புதிதாக ஆடுபவர்களுக்கு இது அநியாயமாகத் தெரியும். ஏழில் ஐந்து என்ற விதியைத் திரும்பச் சொல்லி, சீட்டுகளை மேசையில் பிரித்து வைத்துக் காட்டினால் ஏற்றுக்கொள்வார்கள்.

நடுவில் ஏஸ்-ஏஸ்-ராஜா-ராணி-7. ஒருவரிடம் ஏஸ்-9, இன்னொருவரிடம் ஏஸ்-4. ஒன்பதுக்காரர் தான் ஜெயித்ததாக நினைப்பார். இருவருடைய கையும் ஏஸ்-ஏஸ்-ஏஸ்-ராஜா-ராணி. ஐந்து முடிந்துவிட்டது, 9க்கும் 4க்கும் வேலை இல்லை. சமம்.

நடுவிலேயே 5-6-7-8-9 விழுந்துவிட்டது. எல்லோருக்கும் ஸ்ட்ரெயிட் என்று உடனே பிரிக்கக் கிளம்பாதீர்கள். யாரிடமாவது ஒரு 10 இருந்தால் அவருடைய ஸ்ட்ரெயிட் 6 முதல் 10 வரை. 10ம் ஜாக்கியும் இருப்பவருக்கு 7 முதல் ஜாக்கி வரை. யாரிடமும் 10 இல்லாவிட்டால்தான் எல்லோருக்கும் சமம்.

ஏழு சீட்டில் கைகள் வரும் விகிதமும் மாறுகிறது. எதுவும் சேராத கை நூற்றில் 17தான், ஒரு ஜோடி 44, இரண்டு ஜோடி 23 அல்லது 24. அதாவது ஒரு ஜோடி வருவதைவிட ஒன்றுமே வராமல் போவதுதான் அரிது! அப்படியும் தரவரிசையை யாரும் மாற்றுவதில்லை. அது ஐந்து சீட்டுக் கணக்கில் அமைந்தது, ஏழிலிருந்து எடுத்தாலும் கை ஐந்துதான்.

ஓமஹா என்ற ஆட்டத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை மட்டும். அதில் ஆளுக்கு நான்கு சீட்டு, அவற்றில் சரியாக இரண்டை எடுத்தே ஆக வேண்டும். நடுவில் நான்கு இஸ்பேட் இருந்து உங்களிடம் ஒரே ஒரு இஸ்பேட் இருந்தால் அங்கே கலர் ஆகாது.

ஏழாம் படி: பணமில்லாமல் பழகுங்கள்

கை படிக்கக் கற்றுக்கொள்ளப் பந்தயம் தேவையே இல்லை. நான் பரிந்துரைப்பது இது: சீட்டைக் கலைத்து, வெட்டி, ஐந்து பேருக்கு இரண்டிரண்டாகத் திறந்தே போடுங்கள். நடுவில் ஐந்தையும் திறந்து வையுங்கள். யார் முதல், யார் கடைசி என்று வரிசைப்படுத்திச் சொல்ல வேண்டும். முதலில் சரியாகச் சொல்பவருக்கு ஒரு புளியங்கொட்டை. ஏற்காட்டில் இருந்தால் காப்பிக்கொட்டையும் கிடைக்கும், அதற்கு ஒன்று, புளியங்கொட்டைக்கு ஐந்து என்று மதிப்பு வைத்துக்கொள்ளலாம். தட்டுவடை செட்டை மட்டும் சீட்டு வைத்திருக்கும் மேசைக்குக் கொண்டுவராதீர்கள். சட்னி பட்ட சீட்டு, பின்பக்கம் பார்த்தாலே அடையாளம் தெரிந்துவிடும். அந்தக் கட்டை அதோடு தூக்கிப்போட வேண்டியதுதான்.

பணம் வைத்து இணையத்தில் ஆடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்று பிரித்துப் பார்க்காமல், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்கிறது. அப்படி ஆடிச் சேமிப்பை இழந்த குடும்பங்கள் தமிழ்நாட்டில் நிறைய. இவ்வளவு அழகான கணக்கை ரசிக்க ஒரு ரூபாய்கூடத் தேவையில்லை என்பதை மனப்பூர்வமாகச் சொல்கிறேன்.

கடைசியாக ஒரு பயிற்சி. நடுவில்: இஸ்பேட் 10, இஸ்பேட் 9, ஆர்ட்டின் 9, இஸ்பேட் 4, டைமன் ஜாக்கி.

மாமா: ஆர்ட்டின் ராணி, கிளாவர் ராஜா.
அத்தை: இஸ்பேட் ஏஸ், இஸ்பேட் 2.
சித்தப்பா: கிளாவர் 9, டைமன் ராஜா.
தங்கை: கிளாவர் 4, டைமன் 4.
தம்பி: இஸ்பேட் 8, இஸ்பேட் 7.

விடையைப் படிக்கும் முன் நீங்களே வரிசைப்படுத்திப் பாருங்கள்.

மூன்று கேள்விக்கும் 'ஆமாம்' என்பதே பதில்: மூன்று இஸ்பேட் இருக்கிறது, 9 ஜோடி இருக்கிறது, 9-10-ஜாக்கி நெருங்கி நிற்கிறது. தங்கைக்கு 4-4-4-9-9 ஃபுல் ஹவுஸ், அவள்தான் முதல். அத்தைக்கு ஏஸ் உச்சியில் இஸ்பேட் கலர். தம்பிக்கும் இஸ்பேட் கலர்தான், ஆனால் உச்சி 10. அவனிடம் 7 முதல் ஜாக்கி வரை ஸ்ட்ரெயிட்டும் இருக்கிறது, கலர் பெரியது என்பதால் அதை விட்டுவிட வேண்டும். நான்காவது மாமா, ராஜா வரை ஸ்ட்ரெயிட். சித்தப்பாவின் மூன்று 9 கடைசி.

இப்போது நடுவிலிருக்கும் டைமன் ஜாக்கியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இஸ்பேட் ஜாக்கியை வையுங்கள். எண் அதேதான், பூ மட்டும் மாறியிருக்கிறது. தம்பியின் 7, 8, 9, 10, ஜாக்கி ஐந்தும் இஸ்பேட்டாகி ஸ்ட்ரெயிட் ஃப்ளஷ் ஆகிவிட்டது. மூன்றாவதாக இருந்தவன் முதலிடத்துக்கு வந்துவிட்டான். தங்கை இரண்டாவது, அத்தை மூன்றாவது. மாமாவும் சித்தப்பாவும் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள்.